‘செல்ஃப் அடிக்குது... ஸ்டார்ட் ஆகல!’ - ஷெட்டில் தூங்கும் பழைய அம்பாசடரை வீட்டிலேயே எழுப்புவது எப்படி?

ஆயுத பூஜை காலை. ஷெட்டில் நிற்கும் அம்பாசடர் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை விலக்கி, தூசி தட்டி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டாயிற்று. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் தயார். வண்டியை ஓர் அடி நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டியதுதான் பாக்கி. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். கடைசியில் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் பின்னால் நின்று தள்ளித்தான் பழம் நசுங்குகிறது.

அன்று மதியச் சாப்பாட்டிலேயே, “பேசாம எடைக்குப் போட்டுடலாம்” என்ற பேச்சு வந்துவிடும். தாத்தா வாங்கிய வண்டி, அத்தை கல்யாணத்துக்குப் பெண் அழைப்பு போன வண்டி என்று ஒருவர் இழுப்பார். “யார் ரிப்பேர் பண்றது? அந்தக் காலத்து மெக்கானிக் யாரு இருக்கா இப்ப?” என்று இன்னொருவர் வெட்டுவார். பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது.

எடைக்குப் போடும் முன் ஒரு விஷயம். இந்தக் கார்கள் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குக் காரணம் பல நேரங்களில் பெரிய செலவு வைக்கும் கோளாறாக இருக்காது. துருப்பிடித்த பேட்டரி முனை, கருகிய பாயிண்ட், அடைத்துப்போன ஜெட்... இப்படிச் சின்ன சமாச்சாரமாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க லேப்டாப்பும் ஸ்கேனரும் தேவையில்லை. திருப்புளி, ஸ்பேனர் செட், குறடு, உப்புத்தாள், ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவை போதும்.

கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சின்

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் அம்பாசடர். 1958-ல் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. இதன் பெட்ரோல் மாடல்களில் நீண்ட காலம் ஓடியது 1,489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின். நாலு சிலிண்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். சென்சார் என்று ஒன்றுகூடக் கிடையாது. பின்னாளில் வந்த இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினுக்கும், டீசல் வண்டிகளுக்கும் இங்கே சொல்வதில் பாதி பொருந்தாது. மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினிக்குப் பெரும்பாலும் பொருந்தும். அளவுகள்தான் மாறும்.

இப்படிப்பட்ட எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை குறைவு. எஞ்சின் சுற்ற வேண்டும். சரியான நேரத்தில் பொறி வர வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் உள்ளே போக வேண்டும். உள்ளே போனதை அழுத்திப் பிடிக்க சிலிண்டருக்குத் தெம்பு இருக்க வேண்டும். கோளாறு எதுவானாலும் இந்த நாலில் ஒன்றில்தான் இருக்கும். எனவே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரே நேரத்தில் பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரையும் பிரித்து, டைமிங்கையும் திருகினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. பழைய கார்களில் பாதிக் குழப்பம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பானெட்டைத் திறந்ததும் சாவியைத் தேடாதீர்கள்

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் முதலில் கண்ணால் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். வயரைக் கடித்திருக்கும். தென்னந்தோப்பு, வயல் பக்கம் வீடு என்றால் பானெட்டைத் திறக்கும் முன் இரண்டு தட்டு தட்டுவது நல்லது. எலி இருக்கும் இடத்துக்கு அதைத் தேடி வேறொன்றும் வந்திருக்கலாம்!

அடுத்து ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் மாற்றினால் போயிற்று. டீ நிறத்தில், பால் கலந்தது போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முயற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆயில் சரி என்றால் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுச் சில மணி நேரம் விடுங்கள். காய்ந்துபோன ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் அது உயிர்த்தண்ணீர். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய அம்பாசடர்களில் இதற்கு வசதியாக முன்பக்கம் ஹேண்டில் போட இடம் உண்டு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், எஞ்சின் பின்னால் உதைக்கும்போது கட்டைவிரல் முறிந்துவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்.

‘டக்’ சத்தம் சொல்வது என்ன?

இப்போது சாவி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி ‘டக்’ என்று மட்டும் கேட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழ் என்றால் பாதி காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் ‘டக்’ என்றால் எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பின்னல் பட்டை துருவேறி, பார்க்க நன்றாகவும் உள்ளே பிடிப்பே இல்லாமலும் இருக்கும். இரண்டு முனையையும் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டினால் பல வண்டிகள் அதிலேயே சுற்ற ஆரம்பித்துவிடும்.

பேட்டரியும் பிடிப்பும் நன்றாக இருந்தும், வெளிச்சம் மங்கி, செல்ஃப் மோட்டார் மட்டும் அசையாமல் இருந்தால் அதன் பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் கடித்துச் சிக்கியிருக்கலாம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் காரை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும்.

புது பேட்டரி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். பழைய பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்பதை போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பொறி வருகிறதா?

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இங்கேதான் பாதிப் பேர் கார்புரேட்டரில் கை வைக்கிறார்கள். அதற்கு முன் கரன்ட்டைப் பார்த்துவிடுவதுதான் சரியான வரிசை.

பிளக் ஓட்டைகளை மூடி, சிந்திய பெட்ரோல் இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு நல்ல பிளக்கை வயரில் மாட்டுங்கள். அதன் உலோக உடல் எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வையுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். நீல நிறத்தில் ‘சடக் சடக்’ என்று பொறி வந்தால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, நூல் போல வந்தாலோ, வராமலே இருந்தாலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டியதுதான். நம் ஊர் மெக்கானிக்குகள் வாயில் அதன் பெயர் ‘டெல்கோ’.

டெல்கோ மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மயிரிழை போல விரிசல் இருந்தால் கரன்ட் அதன் வழியே கசியும். மழைக்காலத்தில் காலை நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் இந்த மூடிக்குள் கோத்திருக்கும் ஈரம்தான் வில்லன். உலர்ந்த துணியால் துடைத்தால் பிரச்னை முடிந்தது. நடுவில் இருக்கும் சின்ன கார்பன் பொத்தான் தேய்ந்திருக்கிறதா, ரோட்டரில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பாயிண்ட். இரண்டு சின்ன உலோக முகங்கள் சேர்ந்து பிரியும்போதுதான் பொறி பிறக்கிறது. பல மாதம் நின்றால் அதன் முகத்தில் படலம் படிந்து கரன்ட் கடக்காது. மெல்லிய உப்புத்தாளை நடுவில் விட்டு இரண்டு இழு இழுத்து, தூசியைத் துடைத்தாலே பெரும்பாலான ‘செத்துப்போன’ எஞ்சின்களுக்கு உயிர் வந்துவிடும். பிறகு இடைவெளி. லூக்காஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இந்த எஞ்சினுக்கு அது 0.35 முதல் 0.40 மி.மீ. எஞ்சினைச் சுற்றி, பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். பிளக் இடைவெளி சுமார் 0.64 மி.மீ. பிளக் வயர்களைக் கழற்றும்போது எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். மாற்றி மாட்டினால் வண்டி துப்பாக்கி மாதிரி வெடிக்கும். எரியும் வரிசை 1-3-4-2.

இன்னொரு விசித்திரமான நோய் உண்டு. காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் ஓடியதும் பொட்டென்று நிற்கும். அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும். நின்ற அந்த நிமிடமே பொறியைச் சோதித்துப் பாருங்கள். இல்லை என்றால் கண்டென்சரோ இக்னிஷன் காயிலோ சூட்டில் செயலிழக்கிறது. பாயிண்ட் முகம் அடிக்கடி கருகுவதும் கண்டென்சர் போனதற்கு அடையாளம். பொறி இருந்தும் நிற்கிறது என்றால் அது வேறு கதை. நம் வெயிலின் கதை.

ஈரத்துணி வைத்தியம்

கோடையில் மலைப்பாதை ஏறும்போது ஓரமாக நின்று, பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கும் அம்பாசடர்களை ஊட்டி சாலையில் பார்த்தவர்கள் உண்டு. எஞ்சின் சூட்டில் பம்ப்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ள வடிவமைத்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறுகிறது. இதற்குப் பெயர் வேப்பர் லாக். ஈரத்துணியும் இருபது நிமிடப் பொறுமையும்தான் மருந்து. அடிக்கடி வந்தால் பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

ஷெட்டிலேயே நின்ற வண்டிக்குப் பிரச்னை வேறு. பழைய பெட்ரோலின் வாசனையே மாறியிருக்கும். வார்னிஷ் நெடி அடித்தால் டேங்கை வடித்துவிடுவதுதான் ஒரே வழி. கார்புரேட்டருக்குள்ளும் அந்தப் பிசின் படிந்து ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். கம்பி, குண்டூசி எதையும் உள்ளே விட்டுக் குடையக் கூடாது. மயிரளவு துளை பெரிதானாலும் மைலேஜ் போய்விடும்.

கார்புரேட்டர் ஓரத்தில் பெட்ரோல் வழிந்தால், ‘ஓவர்ஃப்ளோ’. உள்ளே ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கும், இல்லையென்றால் மிதவை ஓட்டையாகிப் பெட்ரோலில் முழுகியிருக்கும். மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாக விட்டொழிக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பது. எஞ்சின் ஒரு முறை பின்னால் வெடித்தால் தீ நேராகப் பாட்டிலுக்கு வரும். வேலை நடக்கும் இடத்தில் உலர் பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. விளக்கேற்றிய பூஜை அறை, கேஸ் அடுப்பு பக்கத்தில் இருந்தால் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய்ச் செய்யுங்கள்.

புது பெட்ரோல், பழைய ரப்பர்

இந்தக் கார்கள் பிறந்த காலத்துப் பெட்ரோல் இப்போது இல்லை. நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. பழைய எஞ்சின் வால்வுகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தை போல இருந்தது. அது போனதும், கடினப்படுத்தாத வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்வாங்கும். டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இப்போதைய விருந்தாளி, 20 சதவிகித எத்தனால் கலந்த இ20. 2023-ல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த கார்களிலேயே இ20-ஆல் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவிகிதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. நம் அம்பாசடர் அந்தக் கணக்குக்கும் முந்தையது. மைலேஜைவிடப் பெரிய கவலை ரப்பர். பழைய ஹோஸ் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்து, வெடிக்கவைத்துவிடும். குழாயைக் கிள்ளிப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ, வெடிப்பாகவோ இருந்தால் யோசிக்காமல் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் குழாய்க்குக் கீழேதான் கொதிக்கும் மேனிஃபோல்டு இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். எனவே மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கிவைக்காதீர்கள்.

ஓடுகிறது... ஆனால் உதறுகிறது

எஞ்சின் பிடித்துவிட்டது. ஆனால் ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறது. ஸ்லோவில் ஓடும்போது காப்பிடப்பட்ட குறடால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் சத்தம் இன்னும் தளரும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் கோளாறு பிளக்கில். மாறவில்லை என்றால் வயரையும் மூடியையும் அடுத்து வால்வையும் பார்க்க வேண்டும்.

கழற்றிய பிளக்கே ஒரு ரிப்போர்ட். காபித்தூள் நிறம் என்றால் எல்லாம் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது சோக் முழுதாகத் திறக்காமல் நிற்கிறது. ஆயிலில் நனைந்திருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்மானம். வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம், எங்கோ கேஸ்கட் வழியாக உறிஞ்சுகிறது. புகையும் அப்படித்தான். கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் தண்ணீர். அத்துடன் ரேடியேட்டருக்குள் குமிழியும் விட்டால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் உறுதி. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் அவசரத்தில் முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதும், பெட்ரோல் டேங்க் ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைப்பதும் நம் நெடுஞ்சாலைகளின் கைவைத்தியம். வீடு வந்து சேர உதவும். ஆனால் அதையே வைத்தியமாக விட்டால் மஞ்சள் போய் ரேடியேட்டரின் நல்ல குழாய்களையும் அடைக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய கடைசிச் சோதனை கம்ப்ரஷன். கேஜ் வாங்கினால் ஆயுளுக்கும் வரும். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. இந்த விடை கையில் இருந்தால், “மொத்தமா எஞ்சின் இறக்கணும் சார்” என்று யாராவது சொல்லும்போது ஏன் என்று கேட்க முடியும். வால்வு வேலைக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரிங், போரிங் என்றால்தான் எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம்.

அந்தக் கட்டத்தில் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு, பாயிண்ட் வைத்த எஞ்சின்களில் கை பழகிய மெக்கானிக்கைத் தேட வேண்டும். உதிரிபாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும், கோவையில் உக்கடமும் இன்னும் கைகொடுக்கின்றன. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது உத்தமம். மாடலுக்கு மாடல் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு.

தெருவுக்குப் போகும் முன்

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குழந்தைகளின் துப்பட்டா, தாவணி, தொங்கும் சட்டைக்கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் அப்படியே ரோட்டுக்கு எடுத்துவிடவும் கூடாது. எஞ்சினை எழுப்பியாயிற்று, பிரேக் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் இறுகிப்போயிருக்கும். பெடலை மிதித்து, கசிவு இருக்கிறதா என்று சக்கரத்தின் உள்பக்கம் பார்த்து, வாசலுக்குள்ளேயே ஊர்ந்து சோதித்த பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும்.

ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். தனியார் காருக்கு முதல் 15 ஆண்டுகள் பதிவு. அதன் பின் தகுதிச் சோதனை முடித்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அது 10,000 ஆகிவிட்டது. வண்டிக்கு 50 வயது கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் அசலாகவே இருந்தால் 2021-ல் வந்த விதிப்படி ‘வின்டேஜ்’ பதிவு வாங்கலாம். நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போக முடியாது.

இதில் எதுவும் காலாவதி ஆகியிருந்தால் வண்டி ஷெட்டிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை கதவுகளை அகலத் திறந்துவைத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு அணையுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்தை வண்டியே நசுக்கிக்கொள்ளும்.